தோள் இறுகிப்போன இரண்டு வருடம்: பிசியோதெரபிக்குப் போகும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

ஃப்ரோசன் ஷோல்டர் என்று டாக்டர்கள் சொல்லும் தோள்பட்டை இறுக்கம் எனக்கு வலது கையில் வந்தது. அந்தக் கை மறுபடி தலைக்கு மேல் போவதற்கு இரண்டு வருடம் பிடித்தது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார், மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். வீட்டில் நானும் அத்தையும்தான். அத்தைக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது, அவரை அலைக்கழிக்க முடியாது. அதனால் ஆஸ்பத்திரி, ஸ்கேன், பிசியோதெரபி சென்டர் என்று எல்லாவற்றுக்கும் தனியாகத்தான் போய் வந்தேன். மொத்தம் 40,000 ரூபாய்க்குப் பக்கம் செலவானது. அதில் பாதிக்கு மேல் என் தோளுக்குச் சம்பந்தமே இல்லாத வைத்தியத்துக்குப் போன பணம். பிசியோதெரபியில் என்னென்ன முறை இருக்கிறது, எது எதற்கு, எதை எப்போது கேட்டு வாங்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே ஒருவர் சொல்லியிருந்தால் பணத்தை விடுங்கள், அத்தனை ராத்திரி அழுதிருக்க மாட்டேன். எங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே இன்னொரு டீச்சருக்கு இப்போது அதே வலி ஆரம்பித்திருக்கிறது. அவரிடம் சொன்னதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் வந்தது வெறும் வலிதான். போர்டில் மேல் வரிசையில் எழுதும்போது தோளின் முன்பக்கம் சுரீர் என்றது. பிறகு வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. தூக்கத்தில் அந்தப் பக்கம் புரண்டுவிட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அப்புறம் ஒவ்வொரு வேலையாகக் கை விட்டுப்போனது. தலை பின்ன முடியவில்லை. புடவை முந்தானையைப் பின்னாலிருந்து இழுத்துச் சொருக முடியவில்லை. உள்ளாடை ஹூக்கைப் பின்னால் மாட்ட முடியாமல், முன்பக்கம் மாட்டித் திருப்பிக்கொள்வேன். அதுவும் முடியாமல்போய் அத்தையைக் கூப்பிட்டேன். அவர் கை நடுங்க நடுங்க மாட்டிவிடும்போது எனக்கு வந்த கூச்சமும் ஆத்திரமும் சொல்ல முடியாது. வெளியில் யாரிடம் சொன்னாலும், "நாற்பத்தஞ்சு தாண்டினா எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதானே" என்றார்கள். அதுதான் அதிகம் வலித்தது.

நான் முதலில் பார்த்த டாக்டர் கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார். கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். எங்கள் வயதில் யாருக்கு எடுத்தாலும் அதில் கொஞ்சம் தேய்மானம் தெரியும். காலர் பட்டை, மாத்திரை, பக்கத்து பிசியோதெரபி சென்டரில் கழுத்துக்கு டிராக்‌ஷன். டிராக்‌ஷன் என்றால் தாடைக்கும் பிடரிக்கும் பட்டை மாட்டி, மெஷின் கழுத்தை மெதுவாக மேலே இழுக்கும், விடும், மறுபடி இழுக்கும். கழுத்தில் நரம்பு அழுந்தி, கை வழியாக விரல் வரைக்கும் மரத்துப்போகிறவர்களில் சிலருக்கு அது சுகம் தரும். எனக்கு விரலில் மரமரப்பும் இல்லை, கழுத்தைத் திருப்பினால் வலியும் இல்லை. ஆனாலும் வாரக்கணக்கில் அதில் உட்கார்ந்திருந்தேன். தோள் அந்த நேரத்தில் இன்னும் இறுகியது.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், இதற்குக் காசு செலவே இல்லை. முழங்கையை விலாவோடு ஒட்டி, கையை மடக்கி முன்னால் நீட்டிக்கொள்ளுங்கள். அப்படியே முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். நல்ல கை எவ்வளவு திரும்புகிறது, வலிக்கிற கை எவ்வளவு திரும்புகிறது என்று பாருங்கள். ஃப்ரோசன் ஷோல்டரில் முதலில் பெரிதாகக் குறைவது இந்தத் திருப்பம்தான். அடுத்து, இன்னொருவரை உங்கள் கையை மெதுவாகப் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள். தசைநார் கிழிந்திருந்தால் நம்மால் தூக்க முடியாது, ஆனால் அடுத்தவர் தூக்கினால் பெரும்பாலும் மேலே போகும். ஃப்ரோசன் ஷோல்டரில் யார் தூக்கினாலும் ஒரு இடத்தில் நின்றுவிடும். மூட்டைச் சுற்றியிருக்கும் உறையே தடித்துச் சுருங்கிவிடுவதுதான் காரணம். இந்தச் சோதனையைச் செய்யாமல் மருந்துச் சீட்டு எழுதுகிற டாக்டரிடம், "சார், என் கையை ஒரு தடவை தூக்கிப் பாருங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். விழுந்த பிறகு வந்த வலி, காய்ச்சலோடு வந்த வலி, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, ஏற்கனவே புற்றுநோய் வந்திருப்பது, கையில் பலமே இல்லாமல் போவது, இதெல்லாம் இருந்தால் பிசியோதெரபிக்கு முன்னால் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். தோள் வலியோடு நெஞ்சு இறுக்கமோ வியர்வையோ வந்தால் அது இதயமாக இருக்கலாம். அப்போது ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

கழுத்து வைத்தியம் பலிக்காததால் கொழுந்தனார் ஒரு சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப்போனார். அவர் எண்ணெய் போட்டு நீவிவிட்டு, நான் எதிர்பாராத நேரத்தில் கையைப் பிடித்து ஒரே இழுப்பாக மேலே இழுத்தார். நான் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. "இப்போ விட்டுடுச்சு பாருங்க" என்றார். விடவில்லை. அடுத்த சில வாரங்களுக்கு டம்ளரைக்கூடத் தூக்க முடியாத அளவுக்கு வலி ஏறியது. இந்த நோய் மூன்று கட்டமாகப் போகும். முதலில் வலி கூடிக்கொண்டே கை இறுகும் கட்டம். அடுத்தது வலி குறைந்து இறுக்கம் மட்டும் நிற்கும் கட்டம். கடைசியாக மெல்ல இளகும் கட்டம். முதல் கட்டத்தில் உள்ளே உறை அழற்சியோடு இருக்கும். அப்போது பலவந்தமாக இழுத்தால் அழற்சி கூடும். யாராக இருந்தாலும் சரி, வலி உச்சத்தில் இருக்கும்போது கையை முறுக்கவோ வெடுக்கென்று இழுக்கவோ விடாதீர்கள்.

அதற்கப்புறம் திருநெல்வேலியில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனேன். அவர் கையைத் திருப்பிப் பார்த்ததுமே ஃப்ரோசன் ஷோல்டர் என்றார். உறுதிப்படுத்த எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார், 7,000 ரூபாய். இந்த நோய்க்கு எல்லோருக்கும் எம்ஆர்ஐ தேவையில்லை, கையால் சோதித்துப் பார்ப்பதும் ஒரு சாதாரண எக்ஸ்ரேயும் பெரும்பாலும் போதும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் அதே டாக்டர் ஒரு நல்லதும் செய்தார். சர்க்கரைப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.9 என்று வந்தது. எனக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் தோள் இறுக்கம் அதிகமாக வரும், வந்தால் சீக்கிரத்தில் விடாது. 40 முதல் 60 வயதுக்குள் தோள் காரணமில்லாமல் இறுகினால் இந்த இரண்டு பரிசோதனையையும் செய்துவிடுங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஆகும் செலவு, எம்ஆர்ஐ செலவில் ஒரு சிறு பங்குதான்.

அவர் பிசியோதெரபி எழுதிக்கொடுத்தார். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த சென்டரில் பத்து சிட்டிங் பேக்கேஜ் 4,500 ரூபாய், முன்பணமாகக் கட்ட வேண்டும். தினமும் பள்ளிக்கூடம் விட்டு பஸ் பிடித்துப் போவேன். ஒரு பெண் வந்து ஒத்தடப் பை வைப்பாள், கரண்ட் வைப்பாள், ஜெல்லைத் தடவி இன்னொரு மெஷினால் தேய்ப்பாள், "முடிஞ்சுது மேடம், நாளைக்கு வாங்க" என்பாள். முக்கால் மணி நேரம் ஆகும். வரும்போது வலி குறைந்த மாதிரி இருக்கும், ராத்திரி பத்து மணிக்குப் பழையபடி வந்துவிடும். என் கையை யாரும் தொட்டு அசைக்கவில்லை. எவ்வளவு தூரம் கை போகிறது என்று அளந்து பார்க்கவில்லை. வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், "கையை ஆட்டிக்கிட்டே இருங்க" என்றார்கள். பேக்கேஜ் முடிந்ததும் இன்னொரு பேக்கேஜ். எங்களுக்கு இருக்கும் மருத்துவக் காப்பீட்டில், வெளிநோயாளியாகப் போய் எடுத்த இந்தச் சிகிச்சைக்கு ஒரு ரூபாய் வரவில்லை. உங்கள் பாலிசியில் இது உண்டா என்று பணம் கட்டுவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பிறகு வேறொரு இடத்தில் எனக்கு வாய்த்த பிசியோதெரபிஸ்ட், என் மகளைவிட நாலைந்து வயது மூத்த பெண். மாஸ்டர் டிகிரி முடித்தவர். முதல் நாள் எந்த மெஷினையும் தொடவில்லை. கோணமானி மாதிரி நீளக் கை வைத்த ஒரு அளவுகோலை எடுத்து, என் கை முன்பக்கமாக எத்தனை டிகிரி உயர்கிறது, பக்கவாட்டில் எத்தனை, வெளிப்பக்கம் எத்தனை திரும்புகிறது என்று ஒவ்வொன்றாக அளந்து எழுதினார். முன்பக்கம் 180 டிகிரி போக வேண்டிய கை 95-ல் நின்றது. வெளித்திருப்பம் 90-க்குப் பதில் வெறும் 10. பிள்ளைகளுக்கு வருடக்கணக்கில் கோணம் அளக்கச் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, என் கையின் கோணத்தை ஒருவர் அளந்து காட்டியபோதுதான் நோய் எனக்குப் பிடிபட்டது. அன்றிலிருந்து ஒரு கிராஃப் நோட்டில் வாரம் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு வந்தேன். பிசியோதெரபி எடுக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: ஆரம்பத்தில் அளந்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு இல்லாவிட்டால் வைத்தியம் பலிக்கிறதா இல்லையா என்று உங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

எனக்கு வைத்த மெஷின்கள் ஒவ்வொன்றும் எதற்கு என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். சூட்டுப் பை வைப்பது தசையைத் தளர்த்தவும் வலியைக் கொஞ்சம் அடக்கவும்தான். அந்தப் பையை 70 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, பல மடிப்புத் துண்டில் சுற்றி வைப்பார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில இடங்களில் தோலில் உணர்ச்சி குறைந்திருக்கும், சுடுவதே தெரியாமல் கொப்பளம் வந்துவிடும். அதனால் சூடு, குளிர்ச்சி வித்தியாசம் தெரிகிறதா என்று தொட்டுச் சோதித்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். எனக்கு அதுவரை யாரும் சோதித்ததில்லை. சூடு அதிகம் என்று தோன்றினால் பொறுத்துக்கொண்டு உட்கார வேண்டாம், உடனே எடுக்கச் சொல்லுங்கள். சூடு கூடக்கூட நல்லது என்பது தவறான எண்ணம்.

கரண்ட் வைப்பது என்று நாம் சொல்வதில் பொதுவாக இரண்டு வகை உண்டு. ஒன்று டென்ஸ். தோலில் பேட் ஒட்டி லேசான மின்துடிப்பு கொடுப்பார்கள். தொடு உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்புகளைத் தூண்டினால், வலிச் செய்தி தண்டுவடத்திலேயே மட்டுப்படும் என்பது இதன் அடிப்படை. மெல்சாக், வால் என்ற இருவர் 1965-ல் வெளியிட்ட கொள்கை அது. இன்னொன்று ஐஎஃப்டி. நான்கு பேட் வைத்து, சுமார் 4,000 ஹெர்ட்ஸ் அளவில் சின்ன வித்தியாசமுள்ள இரண்டு மின்னோட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அனுப்புவார்கள். அவை உள்ளே சந்திக்கும் இடத்தில் தாழ்ந்த அதிர்வெண் உண்டாகும். நமக்குச் சுருசுருவென்று இருக்கும். இரண்டுமே வலியைக் கொஞ்ச நேரம் குறைப்பதற்குத்தான். சுருங்கிய உறையை இவை இளக்காது. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் எந்தக் கரண்ட் மெஷினுக்கும் முன்னால் அதைச் சொல்லியாக வேண்டும். கர்ப்பிணிகளும் சொல்ல வேண்டும்.

ஜெல் தடவித் தேய்க்கும் மெஷின் அல்ட்ராசவுண்ட். ஸ்கேன் எடுப்பதற்கான அல்ட்ராசவுண்ட் வேறு, இது வேறு. 1 மெகாஹெர்ட்ஸ் ஆழமாகப் போகும், 3 மெகாஹெர்ட்ஸ் மேலோட்டமாக நிற்கும். மெஷினின் தலைப்பகுதியை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கக் கூடாது, வட்டமாக நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். முந்தைய சென்டரில் அந்தப் பெண் ஒரு கையில் போனைப் பார்த்துக்கொண்டே மறு கையால் வைத்திருந்ததை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. இவ்வளவுக்கும், தோள் இறுக்கத்துக்கு அல்ட்ராசவுண்டால் பெரிய பலன் இருக்கிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. எஸ்டபிள்யூடி என்று ஒரு பெரிய மெஷினும் உண்டு. 27.12 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையால் ஆழமான சூடு கொடுப்பது. அதற்கு உட்காரும்போது செயின், வளையல், ஹூக், ஊக்கு எதுவும் அந்தப் பக்கம் இருக்கக் கூடாது. உலோகம் இருக்கும் இடத்தில் சூடு குவிந்து சுட்டுவிடும். தாலிச் செயினைக் கழற்றத் தயங்கிச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு உட்காரும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கழற்ற மனமில்லை என்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள், அந்த மெஷின் இல்லாமலே வைத்தியம் செய்ய முடியும். உடம்புக்குள் பிளேட், ஸ்க்ரூ இருந்தாலும் சொல்ல வேண்டும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் சொன்ன ஒரு வார்த்தை எனக்கு மறக்கவில்லை: "டீச்சர், மெஷின் எல்லாம் வலியைக் குறைச்சு உங்க கையை என்கிட்ட குடுக்கிறதுக்குத்தான். துவைச்சுச் சுருங்கின ரவிக்கையை இஸ்திரி போட்டா மட்டும் விரியாது, இழுத்துத்தான் விடணும்." அவர் செய்த முக்கியமான வைத்தியம் கையால்தான். படுக்கவைத்து, என் மேல்கையைப் பிடித்து, மூட்டுக்குள்ளே சின்னச் சின்ன அசைவாகக் கீழ்ப்பக்கமும் பின்பக்கமும் நழுவவைப்பார். மொபிலைசேஷன் என்று பெயர். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜெஃப்ரி மெய்ட்லேண்ட் வகுத்த முறையில் இதற்குப் படிகள் உண்டு. 1, 2 படிகள் மூட்டின் எல்லையைத் தொடாத மென்மையான அசைவு, வலி இருக்கும்போது. 3, 4 படிகள் மூட்டின் எல்லை வரைக்கும் போவது, இறுக்கத்தைத் தளர்த்த. என் தோள் வலி அதிகமாக இருந்த நாட்களில் அவர் முதல் இரண்டு படியைத் தாண்டவே இல்லை. சுளுக்கு எடுப்பவரின் ஒரே இழுப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அப்போது புரிந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்வார், நான் "போதும்மா" என்றால் அந்த இடத்திலேயே நிறுத்துவார்.

ராத்திரி வலி மட்டும் அடங்கவில்லை. அதனால் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வதைப் பற்றி டாக்டரிடம் மறுபடி கேட்கச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். ஸ்டீராய்டு என்றதும் எனக்கு நடுக்கம். உறவில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். ஆனால் வலி அதிகமாக இருக்கும் ஆரம்பக் கட்டத்தில் ஒரு ஊசியோடு பிசியோதெரபியைச் சேர்த்தால் நன்றாகக் கேட்கும் என்று டாக்டர் விளக்கினார். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை ஏறும். எனக்கும் ஏறியது. மாத்திரையை எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கியிருந்தேன், வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்த்துக்கொண்டேன். ஊசி போட்ட அந்த வாரம்தான் பல மாதத்துக்குப் பிறகு ராத்திரி முழுக்கத் தூங்கினேன். காலையில் எழுந்து அத்தையிடம் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. வலி குறைந்த அந்த இடைவெளியில்தான் கையை அசைத்து மீட்க வேண்டும், ஊசியோடு நிறுத்திவிடக் கூடாது.

பிசியோதெரபிஸ்ட் வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சிகளை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் என் கை திரும்பக் கிடைத்தது பெரும்பாலும் இவற்றால்தான். முதலாவது, குனிந்து நல்ல கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற கையைத் தளரத் தொங்கவிட்டு உடம்பை ஆட்ட வேண்டும். கை தானாக முன்னும் பின்னும், வட்டமாகவும் ஆடும். தோள் தசையை உபயோகித்துச் சுழற்றக் கூடாது. இது காட்மேன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் பெயரால் வழங்குகிறது. இந்த நோய்க்கு ஃப்ரோசன் ஷோல்டர் என்று 1934-ல் பெயர் வைத்தவரும் அவர்தான். இரண்டாவது, சுவரைப் பார்த்து நின்று விரல்களால் படிப்படியாக ஏறுவது. எட்டிய உயரத்தில் பென்சிலால் கோடு போட்டுவிடுவேன். எங்கள் சமையலறைச் சுவரில் அந்தக் கோடுகள் இன்னும் இருக்கின்றன. தோளைக் காதுவரை தூக்கி ஏமாற்றாமல் ஏற வேண்டும், கண்ணாடி முன்னால் செய்தால் தெரியும். மூன்றாவது, மல்லாந்து படுத்து, முழங்கையை விலாவோடு வைத்து, ஒரு கம்பை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையால் வலிக்கிற கையை வெளிப்பக்கமாகத் தள்ளுவது. நான் வெளக்குமாற்றுக் கம்பைத்தான் வைத்துக்கொண்டேன். வெளித்திருப்பம் 10-லிருந்து மேலே வந்தது இதனால்தான். நான்காவது, கதவுக்கு மேல் கப்பி மாட்டி, கயிற்றின் ஒரு முனையை நல்ல கையால் இழுத்து மறு கையை உயர்த்துவது. கடைசியாக, முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து மேல்நோக்கி இழுப்பது. இதை வலி அடங்கிய பிறகுதான் ஆரம்பிக்கச் சொன்னார்; ஆரம்பத்திலேயே செய்தால் தோள் பிடித்துக்கொள்ளும்.

எவ்வளவு வலிக்கலாம் என்பதற்கு அவர் சொல்லிக்கொடுத்த அளவு இது. செய்யும்போது இழுப்பும் பொறுக்கக்கூடிய வலியும் இருக்கலாம். செய்து முடித்துக் கொஞ்ச நேரத்தில் அது தணிய வேண்டும். அன்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தாலோ மறுநாள் கை முன்னைவிட இறுகினாலோ அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம், மறுநாள் குறைக்க வேண்டும். முழுவதும் நிறுத்தக் கூடாது. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் செய்வதைவிட, காலையில் வெந்நீரில் குளித்தவுடன் கொஞ்சம், ஃப்ரீ பீரியடில் ஸ்டாஃப் ரூம் சுவரில் கொஞ்சம், படுக்கும் முன் கொஞ்சம் என்று பிரித்துச் செய்வது எனக்கு ஒத்துவந்தது. படுக்கும்போது வலிக்கிற கைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு தலையணை வைத்துக்கொண்டால் தோள் தொங்காது.

என் கிராஃபில் கோடு நேராக ஏறவில்லை. பல வாரம் ஒரே மட்டத்தில் நின்றது. அப்படி நின்ற ஒரு சமயத்தில் இன்னொரு டாக்டர், மயக்க மருந்து கொடுத்துக் கையை அசைத்து விடுவித்துவிடலாம், ஆஸ்பத்திரிச் செலவு 60,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்றார். நகையை அடகு வைக்கும் யோசனைவரை போய்விட்டேன். பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டபோது, பிரிட்டனில் 503 நோயாளிகளை வைத்துச் செய்து 2020-ல் லான்செட் இதழில் வெளியான ஆய்வைப் பற்றிச் சொன்னார். மயக்கம் கொடுத்து அசைப்பது, சிறு துளை வழியாக உறையை அறுத்துவிடுவது, ஸ்டீராய்டு ஊசியோடு கூடிய பிசியோதெரபி, இந்த மூன்றையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது எதுவும் மற்றதைவிடப் பெரிதாக மேல் என்று சொல்லும்படி இல்லை. சிலருக்கு அந்தச் சிகிச்சை தேவைப்படும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பணத்தைப் புரட்டுவதற்கு முன்னால் இன்னும் சில மாதம் பார்க்கலாமா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. நான் கேட்டேன், காத்திருந்தேன். மட்டமாகக் கிடந்த கோடு தானாகவே மேலே திரும்பியது. இப்போது முன்பக்கம் 165 டிகிரி, வெளித்திருப்பம் 60. தலை பின்னிக்கொள்கிறேன், போர்டின் மேல் வரிசையிலும் எழுதுகிறேன். முதுகுக்குப் பின்னால் கை கொண்டுபோவது மட்டும் இன்னும் முழுதாக வரவில்லை.

எந்த இடத்துக்குப் போவதாக இருந்தாலும், உங்களைத் தொடப் போகிறவர் பிசியோதெரபிப் பட்டம் படித்தவரா என்று கேளுங்கள். அது பயிற்சிக் காலத்தோடு சேர்த்து நாலு வருடத்துக்கும் மேலான படிப்பு. மெஷினை ஆன் செய்யக் கற்றுக்கொண்ட உதவியாளர் வேறு, அவர் வேறு. முழுப் பேக்கேஜுக்கும் முன்பணம் கட்டாமல் சிட்டிங் சிட்டிங்காகக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள், நிறைய இடத்தில் ஒத்துக்கொள்கிறார்கள். தினமும் வரச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். வீட்டில் ஒழுங்காகப் பயிற்சி செய்கிறவருக்கு வாரத்தில் இரண்டு நாள் போனாலே போதும் என்று எனக்குச் சொன்னார்கள்.

பணம் இல்லை என்று வைத்தியத்தைத் தள்ளிப்போட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது, காசு வாங்க மாட்டார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் விசாரித்துப் பாருங்கள். காலையில் ஓபி சீட்டுப் போட்டு, முதலில் எலும்பு மருத்துவரைப் பார்த்து அவர் எழுதிக்கொடுத்தால் அங்கே அனுப்புவார்கள். கூட்டம் இருக்கும், ஒரு அரை நாள் போகும். சென்னையில் இருப்பவர்களுக்கு கே.கே.நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. வீட்டை விட்டு வர முடியாத பெரியவர்கள், பக்கவாதம் வந்து படுத்தவர்கள் இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்வதும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கலாம். போகும்போது பழைய எக்ஸ்ரே, சர்க்கரை ரிப்போர்ட், சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, கை எத்தனை டிகிரி போகிறது என்று எழுதிய தாள், எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு எடுத்துப்போங்கள்.